உரிமையாளரால் நிறுத்தப்பட்டது

செவ்வாய்க்கிழமை, காலை.

கப்பலில் இருக்கும் உங்களுக்கு,

எப்போதும் எழுதுகிற 'அன்புள்ள' இந்த முறை இல்லை. எழுதிப் பார்த்தேன், கை கூசியது, அழித்துவிட்டேன். நலமா என்றும் கேட்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை போனில் கேட்ட குரல் நல்ல தெம்பாகத்தான் இருந்தது.

இதைப் போனில் பேசினால் நான் கத்துவேன், நீங்கள் பாதியில் துண்டிப்பீர்கள். அதனால்தான் கப்பல் மின்னஞ்சலுக்கு எழுதுகிறேன். நான் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லியிருக்கிறேன். யாருக்கோ செய்த இரண்டு கடைவாய்ப் பற்கள் பாதி தேய்த்தபடி என் மேசையில் கிடக்கின்றன. அந்த மனிதர் இன்னும் ஒரு நாள் ஒரே பக்கமாக மென்று கொள்ளட்டும்.

ஹோட்டலில் எவனோடு இருந்தாய் என்று கேட்டீர்கள். உங்கள் அப்பாவோடு இருந்தேன். ஹோட்டலில் அல்ல, அதற்கு எதிரே இருக்கும் ஆஸ்பத்திரியில், மூன்றாம் மாடியில், டயாலிசிஸ் பிரிவில். திங்கள், புதன், வெள்ளி, மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை. மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. ஐந்து மாதமாக இப்படித்தான் உயிரோடு இருக்கிறார். நேற்றைய முறைக்கு அவர் வரவில்லை. உங்களால்தான் வரவில்லை. நாளைக்கும் வராவிட்டால் நீர் நெஞ்சுக்கு ஏறிவிடும், பிறகு கூட்டி வந்தும் பயனில்லை என்று அங்கிருக்கும் மூத்த நர்ஸ் சொல்லிவிட்டார். அதற்குள் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். கடைசியில் எழுதியிருக்கிறேன். நேராக அங்கே தாவாதீர்கள். எதையும் முழுசாகப் பார்க்காமல் முடிவுக்கு ஓடுகிற வியாதி உங்களுக்கு உண்டு. இந்த ஒரு முறையாவது வரிசையாகப் படியுங்கள்.

முதலில் நீங்கள் கேட்ட கார் சமாசாரம். விடுமுறைக்கு வரும்போது எந்தக் காரை வாங்குவது என்று தெரிந்துகொள்ள, ஒரு மாதம் பிளக்-இன் ஹைபிரிட், ஒரு மாதம் எலெக்ட்ரிக் எஸ்.யூ.வி. என்று உங்கள் பெயரில் வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்த வைத்தீர்கள். கூடவே பதினோரு கட்டம் போட்ட ஓர் அட்டவணை. வண்டி ஓடிய தூரம், சார்ஜ் இறங்கிய அளவு, ஏசி போட்டால் எவ்வளவு, போடாவிட்டால் எவ்வளவு. கப்பல் இயந்திர அறையில் உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர்களைப் போல என்னையும் நினைத்துவிட்டீர்கள். எனக்கும் அப்போது சிரிப்புத்தான் வந்தது. டாக்சிக்காரன் வருவானா மாட்டானா என்று தெருவில் நின்ற எனக்கு ஒரு கார் கிடைத்ததே பெரிய விஷயம். அதனால் வாயை மூடிக்கொண்டு கட்டங்களை நிரப்பினேன்.

ஹைபிரிட்டைக் கொண்டுவந்து விட்ட விற்பனையாளரைச் சொல்ல வேண்டும். வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். பேட்டரியிலேயே அறுபது கிலோமீட்டர் போகும் மேடம், பெட்ரோல் பங்க் பக்கமே போக மாட்டீங்க என்றார். தினமும் சார்ஜ் போட வீட்டில் இடம் வேண்டாமா என்று கேட்டேன். போடாவிட்டாலும் ஓடும், அதுதானே இதன் அழகு என்றார். அந்த அழகை ஒரு மாதம் அனுபவித்தேன். நம் காரை நிறுத்துகிற திறந்தவெளியில் ஒரு பிளக் பாயிண்ட் கிடையாது. சமையலறை ஜன்னல் வழியாக வயரைத் தொங்கவிட்டு இரண்டு நாள் சார்ஜ் போட்டேன். மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், பணி ஓய்வு பெற்றதிலிருந்து நோட்டீஸ் ஒட்டுவதையே பிழைப்பாக வைத்திருக்கிறாரே அவர், கண்ணாடியில் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். பொது இடத்தில் அபாயகரமான மின் இணைப்பாம். பசை போகச் சுரண்டியே என் நகம் உடைந்தது.

சார்ஜ் போடாத ஹைபிரிட், பேட்டரியையும் தூக்கிச் சுமக்கிற பெட்ரோல் கார். அவ்வளவுதான். உங்கள் பழைய கார் குடித்ததைவிட அதிகமாகவே குடித்தது. சார்ஜ் போட்ட அந்த இரண்டு நாளிலும் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. நம் வீட்டிலிருந்து, அத்தை போனபின் மாமா குடிபோன, நீங்கள் அறியாத வீடு பதினான்கு கிலோமீட்டர், அங்கிருந்து ஆஸ்பத்திரி இருபத்துநான்கு. அந்த நாளில் போகும்போது சத்தமில்லாமல் போனது. திரும்பும்போதும், சார்ஜ் போடாத மற்ற நாளிலும், மேம்பால ஏற்றத்தில் என்ஜின் திடீரென்று உறுமிக்கொண்டு எழும்பும். நாலு மணி நேரம் உடம்பு ரத்தத்தையெல்லாம் வெளியே எடுத்துச் சலித்து உள்ளே விட்ட பிறகு, ஒரு மனிதருக்கு அந்த ஒரு குலுக்கல் போதும். மேம்பாலத்துக்கு முன்னாலேயே மாமா பிளாஸ்டிக் பையைப் பிரித்து மடியில் வைத்துக்கொள்வார். என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. டிக்கியும் ஆழமில்லை, அடியில் பேட்டரி இருக்கிறதே. சக்கர நாற்காலியைப் பின்சீட்டில் அவர் பக்கத்திலேயே செருகி வைத்தேன். ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஹைபிரிட்டின் இருக்கை உயரம் அவருக்குச் சரியாக இருந்தது. அப்படியே உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். உங்கள் அட்டவணையில் அதற்குக் கட்டமே இல்லை.

எலெக்ட்ரிக் வண்டி உயரம். ஏறுவதற்கு ஒரு மர முக்காலி வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டேன். அது ஒன்றைத் தவிர அந்த வண்டியை நான் குறை சொல்ல மாட்டேன். மேம்பாலம் வந்ததே தெரியவில்லை. டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குக் குளிர் ஆட்டும். நான் மூன்றாம் மாடியிலிருந்தே போனில் ஹீட்டரைப் போட்டுவிடுவேன், கீழே வரும்போது வண்டி கதகதப்பாக இருக்கும். அந்த மாதத்தில் ஒரு முறைகூட அவர் பையைத் தேடவில்லை. ஒரு நாள் பின்சீட்டில் தூங்கியே போனார், வாயைத் திறந்துகொண்டு, நீங்கள் தூங்குவது போலவே. நானூறு கிலோமீட்டர் ஓடும் என்றது முந்நூறுதான் ஓடியது, பரவாயில்லை. சார்ஜ்தான் தொல்லை. வீட்டில் வழியில்லை, ஆஸ்பத்திரியில் வசதியில்லை. எதிரே ஹோட்டலின் கீழ்த்தளத்தில் நாலு சார்ஜர் இருந்தன. மாமாவைப் படுக்கையில் விட்டுவிட்டு, வண்டியை அங்கே செருகிவிட்டு, சாலையைக் கடந்து மேலே வந்து அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்வேன்.

நீங்கள் அங்கே கடல் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று இப்போதுதான் புரிகிறது. வண்டியின் செயலியை உங்கள் போனில் பதிந்து வைத்துக்கொண்டு, அது எங்கே நிற்கிறது, எத்தனை மணிக்குக் கதவு திறந்தது, எந்த இடத்தில் சார்ஜ் ஏறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்புறம் எதற்கு எனக்கு அந்தப் பதினோரு கட்டம்? நான் உண்மை எழுதுகிறேனா என்று பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கத்தானே? பதினான்கு வருடம் கூட வாழ்ந்தவளுக்குப் பரீட்சை வைத்திருக்கிறீர்கள், பரீட்சை என்றுகூடச் சொல்லாமல்.

நான் பொய் எழுதினேன், ஒத்துக்கொள்கிறேன். 'கடைக்கு', 'கூடத்து வேலை' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? உங்கள் அம்மா இறந்த அன்று, அத்தையை எடுப்பதற்கு முன்னாலேயே, இந்த ஆள் பெயரை இனி என் வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினவர் நீங்கள். ஆறு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஐந்து மாதம் முன்பு மாமாவின் பக்கத்து வீட்டுக்காரர் என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டு, குளியலறையில் விழுந்து கிடக்கிறார், யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை என்றார். சத்தியம் செய்திருக்கிறேன், வர முடியாது என்று அவரிடம் சொல்லட்டுமா?

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருபத்தொரு சதவிகிதம் இருந்தது. போகிற இடத்தில்தான் சார்ஜ் போடப் போகிறேனே என்று கவலைப்படவில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது எட்டு. செருகிவிட்டு மேலே போனேன். ஆறு மணிக்கு ஹீட்டரைப் போட்டுப் பார்க்கிறேன், வண்டி பதில் சொல்லவில்லை. சிக்னல் இல்லை போலும் என்று நினைத்து மாமாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்தேன். லேசான தூறல். கீழ்த்தளத்தில் வண்டி பனிக்கட்டி மாதிரி இருந்தது. சார்ஜ் பதின்மூன்று. சார்ஜர் கெட்டுவிட்டதா என்று அங்கிருந்த காவலாளியிடம் கத்தினேன். பாவம் அந்த மனுஷன், திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு நாற்பதுக்கு, உரிமையாளரால் நிறுத்தப்பட்டது என்று இருந்தது.

"ஓனரே நிறுத்திட்டாரும்மா. நாங்க கையே வைக்கல" என்றார்.

செருகிய இருபத்தைந்தாவது நிமிடம். எங்கேயோ ஒரு துறைமுகத்துக்கும் இன்னொரு துறைமுகத்துக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு விரலால் தட்டி, என் வண்டியின் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்கியிருக்கிறீர்கள். எதற்கு? அப்புறம் நீங்களே போனில் சொன்னீர்களே. வண்டி கிளம்பாமல் நின்றால் உன்னைக் கொண்டுபோய் விடுவது யார் என்று பார்க்கலாம் என்றுதான். பெட்ரோல் குடிக்கிற அந்த ஹைபிரிட்டாக இருந்திருந்தால் உங்களால் இதைச் செய்திருக்க முடியாது. நான் பாட்டுக்கு என்ஜினை உறுமவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். இந்த ஒரு வித்தியாசத்தையும் உங்கள் ஒப்பீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுபடியும் செருகினேன். ஆறரைக்கு வேறொருவர் அந்தச் சார்ஜரைப் பதிவு செய்திருந்தார். அதுவரைக்கும் ஏறுவது ஏறட்டும் என்று காத்திருந்தோம். மாமாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து என் மேல்கோட்டைப் போர்த்தினேன். ஹீட்டர் போட்டால் ஏறுவதும் இறங்கிவிடும், போடவில்லை. பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. வெறும் பல் இல்லை, நான் செய்து கொடுத்த பல் செட். அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஒண்ணுமில்லம்மா, வண்டி போதும்கிற வரைக்கும் நிற்கலாம் என்று சைகை காட்டினார்.

அப்போதுதான் நீங்கள் கூப்பிட்டீர்கள். என் போன் வண்டியோடு இணைந்திருந்தது. எடுத்ததும் உங்கள் குரல் எனக்கு மட்டும் கேட்கவில்லை, வண்டி முழுக்கக் கேட்டது. அந்த நாலு ஸ்பீக்கரையும் எவ்வளவு பெருமையாக எனக்கு எழுதினீர்கள், தியேட்டர் மாதிரி இருக்கும் என்று. இருந்தது. நீங்கள் கேட்டதைத் திருப்பி எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் ஒரு முறை கண்ணால் பார்க்க வேண்டும்.

"வாரத்துக்கு மூணு நாள், நாலு நாலு மணி நேரம், அந்த ஹோட்டல்ல எவன் கூடடி இருக்க?"

அணைக்கும் பட்டனை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் இறங்கி வெளியே போவதற்குள் மற்றதையும் சொல்லி முடித்துவிட்டீர்கள், சார்ஜை நிறுத்தியது உட்பட. நான் ஏன் பதில் சொல்லவில்லை என்று மறுநாள் அத்தனை குறுஞ்செய்தி அனுப்பியிருந்தீர்கள். குற்றமுள்ள நெஞ்சு என்று ஒன்றில் எழுதியிருந்தீர்கள். எப்படிப் பதில் சொல்வேன்? பின்சீட்டில் உங்கள் அப்பா பல்லில்லாத வாயோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். உங்கள் அப்பாவோடுதான் இருந்தேன் என்று அவர் முன்னால் சொல்லி, உங்கள் வாயிலிருந்து அவரைப் பற்றி வருகிற வார்த்தையையும் அவர் கேட்க வேண்டுமா?

பதினெட்டு சதவிகிதத்தில் கிளம்பினோம். லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்து ஒதுக்கிவிட்டுப் போக, நாற்பதுக்கு மேல் போகாமல் ஓட்டினேன். மாமா அழுகிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தேன், இல்லை. ரயில்வே கேட்டில் நிற்கும்போது சொன்னார்.

"அவன் கொரலு கொஞ்சம்கூட மாறலம்மா."

திட்டினதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருடம் கழித்து மகன் குரலைக் கேட்டிருக்கிறார், அதுதான் அவருக்குப் பட்டது. எனக்கு அந்த இடத்திலேயே வண்டியை விட்டு இறங்கி எங்கேயாவது போய்விட வேண்டும் போல இருந்தது.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அத்தை படுத்த படுக்கையாக இருந்தபோது, வீட்டுக்கு வந்துபோன நர்ஸின் வாசலில் மாமாவின் ஸ்கூட்டரை, விடுமுறைக்கு வந்த ஒரே வாரத்தில் மூன்று முறை பார்த்தேன் என்றுதானே நீங்கள் அன்று கத்தினீர்கள்? அவர் ஏன் அங்கே போனார் என்று போன மாதம் டயாலிசிஸ் படுக்கையில் வைத்துக் கேட்டேன். அத்தைக்கு முதுகில் படுக்கைப் புண் வந்திருந்தது. நர்ஸ் வருகிற நாள் தவிர மற்ற நாளில் கட்டுப் பிரித்துக் கட்ட ஆளில்லை. நீங்கள் பெரும்பாலும் கப்பலில், நான் கூடத்தில். அந்தப் பெண் தன் வீட்டில் தலையணையை வைத்து அவருக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அத்தைக்குத் தெரிந்தால் கூச்சப்படுவாள், நர்ஸ்தான் கட்டுகிறாள் என்றே நினைத்துக் குப்புறப் படுத்திருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை என்றார். அவரும் சரியான வீம்புக்காரர்தான். உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. ஆனால் அன்றைக்கு ஸ்கூட்டர் நின்ற இடத்தை வைத்து ஒருவருக்குத் தீர்ப்பு எழுதினீர்கள், இன்றைக்குக் கார் நின்ற இடத்தை வைத்து எனக்கு. நடுவில் ஒரே ஒரு கேள்வியை மரியாதையாகக் கேட்டிருக்கலாம். அது உங்களால் முடியவில்லை என்பதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. சந்தேகத்தைக்கூட மன்னித்துவிடலாம். குளிரில் யார் நடுங்குகிறார்கள் என்று தெரியாமலே ஒருவர் வழியை அடைத்துவிட்டு வேடிக்கை பார்த்தீர்களே, அதை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

நேற்று ஒரு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். சட்டை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலிரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. கிளம்புங்கள் மாமா என்றேன். தலையை ஆட்டினார்.

"என்னால உன் குடும்பம் கெட வேணாம்மா. எனக்கு வயசாச்சு. நான் வரல."

கெஞ்சினேன், திட்டினேன், பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தேன். அசையவில்லை. மணி மூன்றானதும் எனக்குப் பழச்சாறு ஊற்றிக் கொடுத்து, நீ போ, கூடத்தில் தேடுவார்கள் என்று என்னை அனுப்பப் பார்த்தார். அவர் குடிக்கவில்லை. அவர் குடிக்கிற ஒவ்வொரு வாயும் உடம்பிலேயே தங்கிவிடும், அது அவருக்குத் தெரியும். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சாய்ந்தே இருக்கிறார். சாகத் துணிந்துவிட்டார் என்று சொன்னால் பெரிய வார்த்தையாக இருக்கும். எனக்குத் தொல்லையாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறார், அவ்வளவுதான். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடியும்.

எந்தக் கார் வாங்கலாம் என்பதற்கு என் பதில் இது. சொந்தமாகப் பிளக் பாயிண்டும், தினமும் மறக்காமல் செருகுகிற பழக்கமும், கிட்டத்திலேயே போய்வருகிற வேலையும் இருந்தால் ஹைபிரிட் வாங்கலாம். மற்றபடி அது சும்மா ஒரு பாரம். எலெக்ட்ரிக் வண்டிதான் நல்லது. நோயாளியை ஏற்றிப் போக அதைவிட நல்ல வண்டி இல்லை. ஆனால் அதன் சாவி உங்கள் போனில் இருக்கும் வரைக்கும் நான் அதில் ஏற மாட்டேன். இன்று காலை வாடகை நிறுவனத்தில் வண்டியைத் திருப்பி ஒப்படைத்துவிட்டேன். முக்காலியை மட்டும் எடுத்துக்கொண்டேன். நாளைக்கு டாக்சி சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலை உங்கள் அப்பாவைக் கூப்பிடுங்கள். அவர் எண் மாறவில்லை, நீங்கள் அழித்திருந்தால், குறுஞ்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், உங்களுக்கு அது வராது, அவருக்கும் கேட்டுப் பழக்கமில்லை. எழுந்து வண்டியில் ஏறுங்கள் அப்பா என்று மட்டும் சொல்லுங்கள். நான் எத்தனை முறை சொன்னாலும் நகராதவர் நீங்கள் ஒரு முறை சொன்னால் எழுந்துவிடுவார். பத்து மணியிலிருந்து நான் அங்கேதான் இருப்பேன். மணி அடித்தால் நான் எடுக்க மாட்டேன். ஒரு மணிக்கு டாக்சி வந்துவிடும், அதற்குள் கூப்பிடுங்கள்.

எனக்கு இப்போது பதில் எழுதாதீர்கள். நமக்குள் இருப்பதை நீங்கள் கரை இறங்கிய பிறகு, உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொள்கிறேன். பார்க்க முடிகிறதா என்று எனக்கே தெரியவில்லை. கடல் உங்களிடம் சாந்தமாக நடந்துகொள்ளட்டும். நல்லபடியாக வந்து சேருங்கள்.

இன்றைக்கு வேறு எந்த உறவையும் சொல்லிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

உங்கள் அப்பாவின் மருமகள்.